பகுதியில் ஃபாக்டோரியல்கள் (5! என்றால் 1×2×3×4×5) வரும் கூட்டலை எப்படிச் சுருக்குவது?

1/(1!9!) + 1/(3!7!) + 1/(5!5!) + 1/(7!3!) + 1/(9!1!) எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுப் பகுதி எடுக்கப் போகாதீர்கள், விடிந்துவிடும். கீழே உள்ள எண்களைப் பாருங்கள்: 1+9, 3+7, 5+5, எல்லாமே 10. அதுதான் துப்பு. மொத்தத்தையும் 10!-ஆல் பெருக்கினால் ஒவ்வொன்றும் ஒரு சேர்வாகிவிடும், அதாவது 10 பேரிலிருந்து 1, 3, 5, 7, 9 பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கை: 10 + 120 + 252 + 120 + 10.

இதைக் கூட்டக்கூட வேண்டாம். ஈருறுப்புத் தேற்றப்படி (1+1)¹⁰ = 1024, எல்லாச் சேர்வுகளின் கூடுதல். (1−1)¹⁰-ஐ விரித்தால் ஒற்றைப்படைப் பேரைத் தேர்வுசெய்யும் சேர்வுகள் கழித்தல் குறியோடு வரும்; விடை 0 என்பதால் ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் சரிபாதி. ஆக 512.

நம்ப முடியவில்லையா? பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலம் போக 10 பேர் தயார். ஆனால் போகிறவர்கள் ஒற்றைப்படையில்தான் இருக்கணும். 9 பேர் வருவதும் வராததும் அவரவர் இஷ்டம், 2⁹ வழி. பத்தாவது ஆளுக்கு மட்டும் இஷ்டமே கிடையாது, பாவம்: அந்த 9 பேரில் வருகிறவர்கள் இரட்டைப்படை என்றால் அவர் வந்தே ஆகணும், ஒற்றைப்படை என்றால் வரக் கூடாது. ஆக மொத்தம் 2⁹ = 512 வழிதான்.

கடைசியில் மறக்காமல் 10!-ஆல் வகுங்கள்: 512/3628800, அதாவது 2/14175.