சிகாகோ குளிர்காலம்: குளிரைவிட இருட்டுதான் படுத்தும்

டிசம்பரில் சிகாகோவுக்கு வேலை மாறி வருகிறேன், அந்தக் குளிரை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தனியாக வருகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். குளிரைச் சமாளித்துவிடலாம். கனமான கோட்டு, காதை மூடும் தொப்பி, தண்ணீர் இறங்காத பூட்ஸ், இந்த மூன்றுக்கும் காசு பார்க்காதீர்கள், அவ்வளவுதான். ஆளைப் படுக்கப்போடுவது இருட்டும் மூட்டமும்தான்.

நான் வந்தது 2018 அக்டோபரில். டிசம்பரில் சாயங்காலம் 4:20-க்கே சூரியன் இறங்கிவிடும். ஆபீசுக்குள் போகும்போது வானம் சாம்பல் நிறம், வெளியே வந்தால் ராத்திரி. வாரக்கணக்கில் அப்படியே போனதில் சமைப்பதை விட்டேன், வீட்டுக்குப் போன் செய்வதையும் விட்டேன்.

அப்புறம் 2019 ஜனவரி 30. ஓஹேர் விமான நிலையத்தில் மைனஸ் 23 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 30 செல்சியஸுக்கும் கீழே. பள்ளிக்கூடம் லீவு, தபால் பட்டுவாடாகூட நின்றுவிட்டது. மெட்ரா என்ற புறநகர் ரயில் தடம் மாறும் இடங்கள் உறைந்துவிடாமல் இருக்கத் தண்டவாளத்தை ஒட்டி நெருப்பு எரியவிட்டார்கள். அதை டிவியில் பார்த்த அம்மா, ரயில் தீப்பிடித்துவிட்டதா என்று பதறிப்போய்ப் போன் செய்தார். என் வீட்டில் பால்கனிக் கதவின் தாழ்ப்பாளில், உள்பக்கம், திருகாணித் தலைகளில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. ஹீட்டர் ஓடியும் அறைக்குள் 57 ஃபாரன்ஹீட்தான், அதாவது சுமார் 14 செல்சியஸ்.

வீட்டுக்காரருக்கு மூன்று முறை மெசேஜ் போட்டேன். குளிர்காலம் என்றால் இப்படித்தான் என்று ஒரே ஒரு பதில். நானும் நம்பிவிட்டேன். எதிர்வீட்டுப் போலந்துப் பாட்டிதான் கதவைத் தட்டி, குழாயைச் சொட்டவிட்டிருக்கிறாயா, இல்லாவிட்டால் பைப் வெடித்துவிடும் என்றார். உள்ளே வந்தவர் அறையைப் பார்த்துவிட்டு, இது சட்டப்படி தப்பு, உடனே 311-க்கு, அதாவது நகராட்சியின் புகார் எண்ணுக்கு, போன் பண்ணு என்றார். செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை வாடகை வீட்டில் பகலில் குறைந்தது 68, இரவில் குறைந்தது 66 ஃபாரன்ஹீட் (சுமார் 20, 19 செல்சியஸ்) இருந்தே ஆகவேண்டும் என்பது இந்த ஊர் விதி. ஒன்றாம் தேதி தவறாமல் வாடகை வாங்கியவர் இதைச் சொல்லவே இல்லை. ஊருக்குப் புதிதாக வந்தவனுக்கு என்ன தெரியும் என்ற எண்ணம்தானே? இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

மினியாப்பொலிஸில் இருப்பவர்கள் இதெல்லாம் ஒரு குளிரா என்பார்கள். சரி, அங்கே இன்னும் அதிகம்தான், நான் போட்டிக்கு வரவில்லை. நான் மருத்துவனும் இல்லை. எனக்கு உதவியது இரண்டு விஷயம்: மதியச் சாப்பாட்டு நேரத்தில் எவ்வளவு குளிரானாலும் 20 நிமிடம் வெளியே நடப்பது, காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) பிரகாசமுள்ள விளக்கின் முன்னால் உட்காருவது. கண்ணில் கோளாறு இருந்தால் விளக்கைப் பயன்படுத்தும் முன்பே டாக்டரைக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மனசு எழவே இல்லையென்றாலும் டாக்டரிடம் போங்கள், நான் போகாமல் ஒரு குளிர்காலம் முழுக்கக் கஷ்டப்பட்டேன்.

வீடு பார்க்கும்போது ஹீட்டரைக் கூட்டிக் குறைப்பது உங்கள் கையிலா, வீட்டுக்காரர் கையிலா என்று கேளுங்கள். ஜன்னல் தெற்குப் பார்த்து இருக்கட்டும், ஜனவரியில் வருகிற கொஞ்ச வெயிலும் அந்தப் பக்கம்தான் விழும்.