கருமணலில் கத்தும் கருவி

கேள்வி: குவைத்திலிருந்து மச்சான் கொண்டுவந்த மெட்டல் டிடெக்டருடன் மூன்று ஞாயிறு மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போனேன். ஓயாமல் கத்துகிறது. கிடைத்தவை ஒன்பது சோடா மூடியும் ஒரு வலைக்குண்டும்தான். வீட்டில் ஒரே கேலி. விற்றுவிடலாமா? – ஒரு வாசகர், நாகர்கோவில்.

பதில்: விற்காதீர்கள். நீச்சல் பழக நேரே முட்டம் கடலில் குதித்தவர் கதை உங்களுடையது. மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், கார்னெட், மோனசைட் என்ற கனிமங்கள் எல்லாம் கலந்திருக்கின்றன. அதற்காகவே அங்கே அரசு ஆலை இயங்குகிறது. இல்மனைட்டில் இரும்பும் டைட்டானியமும் உண்டு. கரையெல்லாம் இப்படியிருந்தால் கருவி எதைச் சொல்லும்? போதாததற்கு உப்புநீரில் நனைந்த மணலும் மின்சாரத்தைக் கடத்தும். உணர்திறனை உச்சத்தில் வைத்திருப்பீர்கள். எல்லாப் புதியவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். அதைப் பாதியாகக் குறைத்து, அந்தந்த இடத்து மண்ணுக்கேற்ப கிரவுண்ட் பேலன்ஸை (மண்ணுக்காகவே கருவி கத்துவதை அடக்கும் அமைப்பை) சரிசெய்துவிட்டுத் தேடுங்கள். அலை தொடாத காய்ந்த மணலில், மக்கள் உட்கார்ந்து எழும் இடத்தில் தொடங்குங்கள், சொத்தவிளைக் கடற்கரை பரவாயில்லை.

சோடா மூடிக்கு வருந்தாதீர்கள். குப்பையை ஒதுக்கும் வசதியை முடுக்கினால் மூடி குறையும், ஆனால் மெல்லிய தங்க மோதிரமும் அலுமினியத் துண்டும் பெரும்பாலான கருவிகளுக்கு ஒரே குரலில்தான் பேசும். இரும்பை ஒதுக்கினாலோ நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களும் போய்விடக்கூடும். அவை காந்தம் இழுக்கும் துருப்பிடிக்காத எஃகு. வெளிநாட்டுக் கையேட்டில் இது இருக்காது. வீட்டுக் கொல்லையில் ஒரு ரூபாயையும், நூல் கட்டிய மோதிரத்தையும், ஒரு மூடியையும் நான்கு விரல் ஆழத்தில் புதைத்து, கருவியின் அடித்தட்டை, தரையை ஒட்டி மெதுவாக வீசி, ஒவ்வொன்றின் ஓசையையும் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் போதும். (மோதிரம் மனைவியுடையது என்றால் நூல் அவசியம்.)

பழைய நாணயமான திருவிதாங்கூர்ச் சக்கரம் கிடைக்குமென்று யாரேனும் ஆசை காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். மிளகைவிடச் சற்றே பெரிய வெள்ளித் துண்டு அது. ஆழத்தில் கிடந்தால் புதியவரின் கருவிக்குத் தட்டுப்படாது. வட்டக்கோட்டை, உதயகிரிக் கோட்டைப் பக்கம் கருவியோடு போகவே வேண்டாம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது; மண்ணுக்குள் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

தோண்டிய குழியை மூடுங்கள், மூடிகளைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். அடுத்த ஞாயிறு கேலி செய்கிறவர்களில் ஒருவரையும் கூட அழைத்துப்போங்கள். குழி தோண்ட ஆள் வேண்டும்.