இஷ்டப்படி இருப்பதா சுதந்திரம்?

கேள்வி: பகுத்தறிவு, சுதந்திரம் இரண்டையும் நவீன தத்துவவாதிகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். மரபைத் தள்ளிவிட்டு 'உன் இஷ்டப்படி இரு' என்றுதானே சொன்னார்கள்? இதில் ஒழுக்கத்துக்கு எங்கே இடம்? ஹிட்லர் வரை கொண்டுபோய்விட்டது அதுதானே?

பதில்: அவர்கள் சொன்னது ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. ஆசை இழுத்த இழுப்புக்குப் போவது அடிமைத்தனம், தனக்குத் தானே விதித்துக்கொண்ட சட்டத்துக்குப் பணிவதே சுதந்திரம் என்று 1762-லேயே பிரெஞ்சு மொழியில் எழுதிய தத்துவவாதி ரூசோ சொல்லிவிட்டார். ஜெர்மன் தத்துவவாதி கான்ட் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஆழமாகப் போனார்.

மனிதன் சுகமாக இருப்பதுதான் இயற்கையின் நோக்கம் என்றால் அதற்குப் பகுத்தறிவு எதற்கு, உள்ளுணர்வே போதுமே என்று 1785-ல் கேட்டவர் அவர். பகுத்தறிவின் வேலை நல்ல மனத்தை உண்டாக்குவது என்பது அவர் பதில். அவருடைய உதாரணத்தையே பாருங்கள். ஒருவனுக்குப் பண நெருக்கடி. திருப்பித் தர முடியாது என்று தெரிந்தும் 'தந்துவிடுகிறேன்' என்று வாக்குக் கொடுத்துக் கடன் கேட்கிறான். சரி, எல்லோரும் இப்படியே செய்தால்? வாக்கு என்பதற்கே அர்த்தம் போய்விடும், யாரும் நம்ப மாட்டார்கள். மற்றவர்கள் வாக்கைக் காப்பாற்ற வேண்டும், தனக்கு மட்டும் விலக்கு வேண்டும்: அவன் கேட்பது இதைத்தான். அந்த விலக்கைத் தர மறுப்பதுதான் பகுத்தறிவு.

சுதந்திரத்துக்கு அவர் 1788-ல் தந்த உதாரணம் என்னை இன்றும் தூங்கவிடாதது. மன்னர் ஒருவனைக் கூப்பிட்டு, குற்றமற்ற ஒருவருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல், இல்லையென்றால் உடனே தூக்கு என்கிறார். மறுப்பானா? அவனாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மறுக்க முடியும் என்பதைத் தயங்காமல் ஒத்துக்கொள்வான். மறுக்க வேண்டும் என்று தெரிவதால்தான், தன்னால் மறுக்க முடியும் என்பதும் அவனுக்குத் தெரிகிறது. உயிராசையையும் மீறி நிற்க முடிகிற அந்த இடத்துக்குத்தான் கான்ட் சுதந்திரம் என்று பெயர் வைத்தார்.

கான்ட் குறையில்லாதவர் அல்ல. பெண்களையும் வீட்டு வேலையாட்களையும் வாக்குரிமை இல்லாத குடிமக்களாகவே வைத்தார். அது தவறு. மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்ற அவருடைய விதியை வைத்தே அதைத் தவறு என்கிறேன்.

இனி ஹிட்லர். யூதர்களை மரண முகாம்களுக்கு அனுப்பும் வேலையை ஒழுங்குபடுத்திய நாஜி அதிகாரி ஐக்மன், 1961-ல் ஜெருசலேம் நீதிமன்றத்தில், தான் கான்ட்டின் நெறிப்படி வாழ்ந்தவன் என்றார். நீதிபதி துருவியபோது, உன் செயலின் கொள்கை எல்லோருக்கும் சட்டமாகக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற கான்ட்டின் விதியை ஏறக்குறையச் சரியாகவே சொல்லவும் செய்தார். அந்தக் கொலை வேலை தன்னிடம் வந்தபிறகு அதன்படி நடக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

பகுத்தறிவை முன்னிறுத்திய அந்தக் காலத்து ஐரோப்பிய இயக்கத்துக்கு அறிவொளி என்று பெயர். ஒரு பத்திரிகையில் எழுந்த 'அறிவொளி என்றால் என்ன?' என்ற கேள்விக்குக் கான்ட் 1784-ல் பதில் எழுதினார். எனக்குப் பதிலாகப் புத்தகம் யோசிக்கும், எனக்குப் பதிலாகப் போதகர் மனசாட்சியாக இருப்பார் என்று ஒதுங்கிக்கொள்வதை, வளர்ந்தபிறகும் குழந்தையாக இருப்பது என்று கண்டித்தார். ஐக்மன் இஷ்டப்படி நடந்ததாகச் சொல்லவே இல்லை. மேலே இருந்து கட்டளை வந்தது, கீழ்ப்படிந்தேன் என்பதுதான் அவர் வாதமே.