"இந்தியாவில்தான் தடை இல்லையே" என்கிறார் ஏஜென்ட்... நம்பலாமா?

கேள்வி: பால் பேரிங் ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனம் எங்களுடையது. கிர்கிஸ்தானிலிருந்து ஒரு புது நிறுவனம் பெரிய ஆர்டர் தருகிறது. முழுத் தொகையும் முன்பணமாம். "சரக்கு ரஷ்யாவுக்கே போனாலும் இந்தியாவில் தடை இல்லை. எதற்கும் வேறு எச்.எஸ். எண் (சுங்கத்துக்குச் சரக்கின் வகையைக் காட்டும் எண்) போட்டுவிடலாம்" என்கிறார் ஏஜென்ட். எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வங்கிக் கணக்கு எண்ணைக்கூட அனுப்பாதீர்கள்.

ஏஜென்ட் சொல்வதில் பாதி உண்மை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததும் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் விதித்த தடைகளில் இந்தியா சேரவில்லை. ஆனால் உங்களுக்கு அடி விழப்போவது நம் சட்டத்தால் அல்ல. 2024 அக்டோபர் 30 அன்று அமெரிக்கா ஒரே நாளில் ஏறத்தாழ 400 பெயர்களைத் தடைப் பட்டியல்களில் சேர்த்தது. அவற்றில் 19 இந்திய நிறுவனங்களும் உண்டு. முழுத் தடைக்கு ஆளானவர்களுக்கு டாலர் வரவு நின்றுபோகும். ரஷ்ய ராணுவத் தொழிலுக்கு உதவும் வெளிநாட்டு வங்கிகளையும் தண்டிக்கலாம் என்று 2023 டிசம்பரிலேயே உத்தரவு வந்துவிட்டது. அதனால் உங்கள் வங்கி உங்களுக்காக வாதாடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பேரிங் சாதாரணப் பொருள்தானே என்று தோன்றும். ஆனால் 8482 என்ற எச்.எஸ். எண்ணில் தொடங்கும் சில பேரிங் வகைகள், ரஷ்ய ஆயுதங்களுக்குப் போய்விடக் கூடாது என்று மேலை நாடுகளும் ஜப்பானும் சேர்ந்து உன்னிப்பாகக் கவனிக்கும் 50 எண்கள் கொண்ட பட்டியலில் இருக்கின்றன. எண்ணை மாற்றச் சொல்கிறார் என்றால் இது ஏஜென்டுக்கே தெரியும் என்றுதான் அர்த்தம்! தெரிந்தே பொய்யாக அறிவித்தால் சுங்கச் சட்டத்தின் 114ஏஏ பிரிவில் சரக்கு மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம் போடலாம். சுங்கத்தில் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் இருப்பது உங்கள் பெயர். கமிஷன் கைக்கு வந்ததும் அவர் போனை எடுக்க மாட்டார். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

அடுத்து, "மருத்துவக் கருவிக்கான உதிரிபாகம், அதற்கு விலக்கு உண்டு" என்பார். மருந்து, மருத்துவக் கருவி, அவற்றின் மாற்று உதிரிபாகங்களுக்கு அமெரிக்கா சில அனுமதிகள் வைத்திருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கருவி எது, எந்த மருத்துவமனையில் இருக்கிறது, இந்த பேரிங் அதில் எங்கே பொருந்தும், இத்தனை ஆயிரம் எதற்கு? நான்குக்கும் காகிதத்தில் பதில் வேண்டும். அது இல்லாமல் இன்வாய்ஸில் 'மருத்துவம்' என்று எழுதுவதால் விலக்கு வந்துவிடாது.

சிறு ஏற்றுமதியாளரின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. அமெரிக்காவுக்கு ஒரு பட்டியல், ஐரோப்பாவுக்கு ஒன்று, பிரிட்டனுக்கு ஒன்று. ஒரே ரஷ்யப் பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில் வரும். போதாததற்கு, தடையில் இருப்பவர்கள் கையில் 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால், பட்டியலில் பெயரே இல்லாத நிறுவனத்துக்கும் அமெரிக்கத் தடை பொருந்தும். "இவரோடு வியாபாரம் செய்யலாம்" என்று எழுதித் தர ஓர் அலுவலகமாவது உண்டா? இல்லை. பெரிய நிறுவனங்கள் வக்கீல்களை வைத்துச் சமாளிக்கின்றன. உங்களுக்கு வாய்த்தது ஏஜென்ட்!

ஏஜென்டை விட்டுவிட்டு வாங்குபவருக்கே எழுதுங்கள். நிறுவனம் பதிவான தேதி (2022 பிப்ரவரிக்குப் பிறகு என்றால் உஷார்), உரிமையாளர்கள் யார், பேரிங்கைக் கடைசியில் பயன்படுத்தப்போவது யார், சரக்கு எந்த வழியாகப் போகும் என்று கேளுங்கள். கடைசிப் பயனாளரின் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வாங்குங்கள். வரும் பதிலை வங்கியிடம் காட்டி, அவர்கள் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் சரக்கை அனுப்புங்கள்.