பன்னிரண்டாவது படம்

அன்புள்ள ஐயா,

பதினைந்து ஆண்டுகளாகத் தெருவில் படமெடுத்து வருகிறேன். தொழில் அல்ல, ஞாயிற்றுக்கிழமைப் பித்து. சென்ற மாதம் ஒரு ரயில் நிலையத்தின் வெளிப்படிக்கட்டில் காலை வெயில் சாய்ந்து விழும் நேரம் பார்த்துக் காத்திருந்தேன். கைப்பிடிக் கம்பிகளின் நிழல் படிகளில் மடிந்து மடிந்து இறங்கும். நான்காவது படியில் ஒரு முதியவர் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நிழல் அவர்மீதும் ஏறியது. 11 படங்கள் எடுத்தேன்.

இரண்டு காவலர்கள் வந்தார்கள். "இங்கே படம் எடுக்கக் கூடாது" என்றார் ஒருவர். எந்தச் சட்டப்படி என்று கேட்டதற்கு "பாதுகாப்பு" என்ற ஒற்றைச் சொல்தான் பதில். மற்றவர் முதியவரைக் காட்டி, "அவரைக் கேட்டுக்கொண்டா எடுத்தீர்கள்?" என்றார். அழிக்கச் சொன்னார்கள். அவர்கள் கண்முன்னால் ஒவ்வொன்றாக அழித்தேன். எங்கள் தலைக்கு மேலே ஒரே கம்பத்தில் மூன்று கண்காணிப்பு கேமராக்கள். அங்கே கைபேசியில் படமெடுத்துக்கொண்டிருந்த யாரையும் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது ஒருவர் என்னையும் என் அடையாள அட்டையையும் தன் கைபேசியில் படமெடுத்துக்கொண்டார்.

பொது இடத்தில் யாரும் யாரையும் படமெடுக்கலாம் என்பதுதானே சட்டம்? வீட்டில் சொன்னபோது என் மனைவி, "தப்புச் செய்யாதவருக்குக் கேமராவைக் கண்டு என்ன பயம்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

ச. (முழுப் பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள ச.,

அழிந்த 11 படங்களைப் பற்றி அத்தனை வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டாவது படத்துக்கு, அதாவது அந்தக் காவலர் எடுத்ததற்கு, ஒரே ஒரு வரி. நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

முதலில் அவசரமான வேலை. அந்த மெமரி கார்டில் அதற்குப் பிறகு ஏதாவது எடுத்தீர்களா? இல்லை என்றால் இனியும் எடுக்காதீர்கள். கேமராவில் "அழி" என்று அழுத்தும்போது பெரும்பாலும் படம் அழிவதில்லை. அது இருக்கும் இடம் காலி என்று கார்டு தன் பட்டியலில் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். புதிய படம் வந்து அந்த இடத்தில் உட்காரும்வரை பழையது கிடக்கும். கார்டைக் கழற்றி, கணினியில் செருகி, மீட்பு மென்பொருள் ஒன்றை ஓட்டினால் 11 படங்களும் திரும்ப வர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இனி சட்டம். எந்த நாட்டில் நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. "பாதுகாப்பு" என்ற அந்த ஒற்றைச் சொல் பதிலை வைத்தும் நாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. எல்லா ஊர்க் காவலரும் சொல்வது அதைத்தான்.

2003 செப்டம்பரில் லண்டனில் ஓர் ஆயுதக் கண்காட்சி. வெளியே நடந்த எதிர்ப்பைப் படம்பிடிக்கப் போன பென்னி குவின்டன் என்ற செய்தியாளரை, பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி நிறுத்திச் சோதனையிட்டார்கள். பத்திரிகையாளர் அட்டையைக் காட்டிய பிறகும் படமெடுப்பதை நிறுத்தச் சொன்னார்கள். அந்தப் பிரிவின் விசேஷம், சந்தேகம் என்று ஒன்று இருக்கவே வேண்டியதில்லை என்பது. 2010 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தனிவாழ்வு உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் என்னைப் பிடித்துக்கொண்ட செய்தி ஒன்று உண்டு. சோதனை ஐந்து நிமிடம் நடந்ததாகக் காவல்துறைப் பதிவு சொல்கிறது. முப்பது நிமிடம் இருக்கும் என்கிறார் அவர். எது சரி என்று கேமரா சொல்லியிருக்கும். அதைத்தான் நிறுத்தச் சொல்லிவிட்டார்களே.

அமெரிக்காவில் இன்னொன்று. 2007 அக்டோபரில் பாஸ்டன் நகரப் பூங்காவில் மூன்று காவலர்கள் ஓர் இளைஞனைப் பிடித்து அமுக்குவதை, அந்த வழியாகப் போன ஒரு வழக்கறிஞர் கைபேசியில் எடுத்தார். அவர் பெயர் சைமன் கிளிக். (நான் வைத்த பெயர் அல்ல.) குரலும் பதிவாகிறதா என்று ஒரு காவலர் கேட்டார். ஆம் என்றார். உடனே ஒட்டுக்கேட்புச் சட்டத்தின்படி கைது. ரகசியமாகப் பதிவு செய்தாராம்! கையை நீட்டி, கேட்டதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டு ஒருவர் எப்படி ரகசியமாகப் பதிவு செய்வார்? வழக்கு நிற்கவில்லை. பொது இடத்தில் கடமையாற்றும் காவலரைப் படமெடுப்பது அரசியல் சட்டம் காக்கும் உரிமை என்று 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டு நகர நிர்வாகம் அவருக்கு 1,70,000 டாலர் கொடுத்துச் சமாதானமானது.

கேமராவில் இருப்பதை அழிக்கும் அதிகாரம் தங்கள் காவலருக்கு இல்லை என்று லண்டன் பெருநகரக் காவல்துறை தன் வழிகாட்டுதலிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே உங்களை அழிக்கச் சொன்னவர் பெரும்பாலும் தனக்கு இல்லாத அதிகாரத்தைக் குரலால் உண்டாக்கிக்கொண்டவர். அந்தக் குரல் எனக்கும் பழக்கம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டடத்தின் கண்ணாடிச் சுவரில் மேகம் ஓடுவதை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு காவலர் வந்தார். இதே கேள்வி, இதே பதில். சட்டம் எனக்குத் தெரியும், அதற்கு முந்தைய வாரம்தான் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். ஆனால் கூட என் மகள் இருந்தாள், அவளுக்குப் பசி, இருட்டிக்கொண்டும் வந்தது. அழித்துவிட்டேன். வீடு வரும்வரை அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. ஆகவே நீங்கள் அழித்ததற்காக வெட்கப்படுவதாக இருந்தால், வேண்டாம்.

ஆனால் "யாரும் யாரையும் எடுக்கலாம்" என்று நீங்கள் எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அது சில நாடுகளின் சட்டம், உலகத்தின் சட்டம் அல்ல. 1898 ஜூலையில் ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் பிஸ்மார்க் இறந்த இரவு, இரண்டு படக்காரர்கள் அவர் அறைக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து பிணத்தைப் படமெடுத்தார்கள். நல்ல விலைக்குப் போகும் என்று கணக்கு. நீதிமன்றம் படத்தைத் தடுக்கப் பார்த்தபோது, ஒருவர் உருவத்தின்மீது அவருக்கு உரிமை உண்டு என்று சொல்ல ஜெர்மனியில் சட்டமே இல்லை. அத்துமீறி நுழைந்ததைக் காரணம் காட்டித்தான் தடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சங்கடத்திலிருந்து 1907இல் ஒரு சட்டம் வந்தது. ஒருவர் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்கிறது அது. கூட்டம், ஊர்வலம், நிலக்காட்சியில் தற்செயலாக வந்துவிட்டவர்கள், காலத்தின் முக்கிய நிகழ்வுகள் என்று விலக்குகள் உண்டு. உங்கள் படியில் தூங்கியவர் எந்த விலக்கிலும் எளிதில் அடங்க மாட்டார். தற்செயலாக வந்தவர் அல்ல அவர். அவருக்காகத்தான் நீங்கள் 11 முறை அழுத்தினீர்கள்.

அந்த இரண்டாவது காவலர் கேட்டது சரியான கேள்வி என்றே நினைக்கிறேன், அவர் அதைச் சரியான காரணத்துக்காகக் கேட்டிருக்க மாட்டார் என்றாலும். தூங்குகிறவரை எழுப்பிக் கேட்க முடியாதுதான். விழித்த பிறகு கேட்கலாம். முகத்தின்மேல் செய்தித்தாள் இருந்தது என்பீர்கள். அப்படியானால் முகம் தெரிய வேண்டாம் என்று அவரே ஏற்பாடு செய்துகொண்டார் என்றும் சொல்லலாமே.

அந்தப் பன்னிரண்டாவது படத்துக்கு வருகிறேன். 2005இல் லண்டனில், ஆயுத வணிகத்தை எதிர்க்கும் ஓர் அமைப்பின் ஊழியர் ஒரு நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டத்துக்குப் போனார். குழப்பம் எதுவும் செய்யவில்லை. வெளியே வரும்போது தெருவில் நின்ற காவல்துறைப் படக்காரர் அவரைப் படமெடுத்தார். இரண்டு காவலர்கள் சுரங்க ரயில் நிலையம்வரை பின்தொடர்ந்தார்கள். வழக்கு 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிந்தது. தெருவில் ஒருவரைப் படமெடுப்பது மட்டுமே மீறல் ஆகிவிடாது என்றார்கள் நீதிபதிகள். ஆனால் அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்று தெரிந்த பிறகும் அந்தப் படத்தைக் காவல்துறை வைத்துக்கொண்டிருந்தது தவறு என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது.

நாம் எல்லோரும், காவலரும் நீங்களும் நானும், ஷட்டர் அழுத்தும் அந்த ஒரு நொடியைப் பற்றியே சண்டை போடுகிறோம். எடுக்கலாமா, கூடாதா? பொது இடம் எல்லோர் கண்ணுக்கும் திறந்துதான் கிடக்கிறது. எடுத்த படம் எங்கே போகிறது, யார் பெயரோடு சேர்கிறது, எத்தனை நாள் இருக்கிறது, யார் கேட்டால் காட்டுவார்கள் என்பதில்தான் வம்பு முழுவதும் இருக்கிறது. உங்கள் படம் சுவரில் மாட்டப்படும், மிஞ்சினால் ஒரு கண்காட்சிக்குப் போகும். அவர் எடுத்ததில் உங்கள் முகமும் பெயரும் அட்டை எண்ணும் சேர்ந்தே இருக்கின்றன. அது அலுவலகக் கணினிக்குப் போனதா, காவலர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கா, இன்னும் அந்தக் கைபேசியிலேயே அவர் வீட்டு விசேஷப் படங்களுக்கு நடுவில் கிடக்கிறதா? கடைசியாகச் சொன்னதுதான் இருப்பதில் மிக மோசம் என்று எனக்குத் தோன்றுகிறது. அலுவலகக் கணினிக்காவது ஒரு பொறுப்பாளர் இருப்பார்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு ஒரு மனிதரைத்தான் பதிலாகக் காட்ட முடியும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2018இல் ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருட்டுப் போயின. கடைக் கேமராவில் மங்கலாக ஓர் உருவம். முக அடையாள மென்பொருளிடம் கொடுத்தார்கள். அது ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரின் ஓட்டுநர் உரிமப் படத்தை எடுத்துக் கொடுத்தது. 2020 ஜனவரியில், மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் பார்க்க, வீட்டு வாசலில் வைத்து அவரைக் கைது செய்தார்கள். சுமார் முப்பது மணி நேரம் அடைத்து வைத்தார்கள். விசாரணையில் அந்த மங்கல் படத்தை எடுத்துத் தன் முகத்தின் பக்கத்தில் பிடித்துக் காட்டினார் அவர். யார் பார்த்தாலும் வேறு ஆள். தப்புச் செய்யாதவர்தான் அவர். கேமராவைக் கண்டு பயந்தவரும் அல்ல, உரிமம் வாங்கப் போன இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டவர். 2024இல் நகரம் அவருக்கு 3,00,000 டாலர் கொடுத்தது. குழந்தைகள் பார்த்ததை அதில் எப்படிக் கழிப்பது என்று தெரியவில்லை.

பிரிட்டனின் தெற்கு வேல்ஸில் நடமாடும் முக அடையாளக் கேமராக்களை எதிர்த்து ஒருவர் போட்ட வழக்கில், 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்ட முக்கியக் குறை ஒன்று உண்டு. தேடும் பட்டியலில் யாரைச் சேர்ப்பது, கேமராவை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அந்தந்தக் காவலர் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது.

கேமரா அவர்கள் பக்கம் திரும்பும்போது என்ன ஆகிறது என்பதற்கு நாம் மறக்க முடியாத உதாரணம் 2020 ஜூன், தந்தையும் மகனும் காவலில் இறந்த தமிழ்நாட்டின் சாத்தான்குளம். காவல் நிலையத்தில் கண்காணிப்பு கேமரா இருந்தது, வேலையும் செய்தது. ஆனால் பதிவு அன்றன்றைக்குத் தானாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது என்று விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் அறிக்கை தந்தார். வன்தட்டில் இடம் இல்லாமல் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்களிடம் "அழி" என்றவர்கள் அழிப்பதில் அனுபவம் இல்லாதவர்கள் அல்ல.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. புகார் வேண்டாம், ஒரு கடிதம். அந்தக் காவலர்களின் மேலதிகாரிக்கு, தேதி, நேரம், இடம் குறிப்பிட்டு எழுதுங்கள். தகவல் பெறும் சட்டமோ தரவுப் பாதுகாப்புச் சட்டமோ உங்கள் நாட்டில் இருந்தால் அதன் கீழ் விண்ணப்பமாகவே போடுங்கள். அழிந்த படங்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டாம், அவை பெரும்பாலும் கார்டிலேயே இருக்கும். என்னை எந்தச் சட்டப்படி படமெடுத்தீர்கள், அது இப்போது எங்கே இருக்கிறது, யாரெல்லாம் பார்த்தார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று மட்டும் கேளுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், வராவிட்டால் வரவில்லை என்று எழுதுங்கள். இரண்டையும் இங்கே போடலாம். மீட்ட படங்களை மட்டும் இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். முதலில் அந்தப் படிக்கட்டுக்குப் போய் அவரிடம் ஒன்றைக் காட்டுங்கள்.