வாங்கிய இரண்டாம் வாரமே யூஸ்டு கார் நின்றுவிட்டது. விற்றவரைக் கேட்க எனக்கு உரிமை உண்டா?

உங்கள் கேள்வியின் சாரம் இதுதான்: பழைய கார்களை வாங்கி விற்கும் கன்சல்டிங் கடை ஒன்றில் செகண்ட் ஹேண்ட் டீசல் கார் வாங்கினீர்கள். இரண்டாம் வாரமே ஓவர்ஹீட் ஆகி வழியில் நின்றுவிட்டது. "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க சார், இனி எங்க பொறுப்பு இல்லை" என்கிறார் கடைக்காரர்.

உரிமை உண்டு. விற்றவர் யார், விற்கும்போது உங்களிடம் என்ன சொன்னார் என்ற இரண்டையும் வைத்துத்தான் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பது தெரியும். ஆனால் அதற்கு முன்னால் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த மெக்கானிக்கையும் இப்போதைக்கு இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள்.

என் அத்தை மகன் மதுரையில் ஒரு கடையில் கார் வாங்கினான். திருநெல்வேலிக்கு ஓட்டி வரும் வழியில், கயத்தாறு பக்கத்தில் டெம்பரேச்சர் முள் மேலே ஏறி வண்டி நின்றுவிட்டது. ரிக்கவரி வண்டியில் ஏற்றி, பாளையங்கோட்டையில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, அடிப்பக்கத்தைக் காட்டினார். மோர் மாதிரி வெளுத்த குழம்பு ஒட்டியிருந்தது. இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் ஆயிலோடு கலந்திருக்கிறது, இரண்டும் கலக்காமல் இன்ஜினுக்குள் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்றார். ரேடியேட்டர் வாயில் பழுப்பாக ஒரு கசடு. ஒழுக்கை அடைக்கிற பவுடரைப் போட்டுத் தற்காலிகமாகச் சமாளித்து விற்றிருக்கிறார்கள். அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம்: "அண்ணாச்சி, அவங்களுக்குத் தகவல் சொல்லிட்டு வாங்க, அதுக்கப்புறம் நான் போல்ட்ல கை வைக்கேன்."

அந்த ஒரு வார்த்தைதான் எங்களைக் காப்பாற்றியது. இன்ஜினைத் திறந்துவிட்டால், "உங்க மெக்கானிக்தான் கெடுத்துட்டான்" என்று எதிர்தரப்பு சொல்வதற்கு வழி கிடைத்துவிடும். அதனால் ஆயில் மூடி, ரேடியேட்டர், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தோம். வண்டி எண், கிலோமீட்டர், தேதி, தான் கண்டது, தன் கணிப்பு ஆகியவற்றை மெக்கானிக் ஒர்க்‌ஷாப் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். "ஒரு வாரத்துக்குள் உங்கள் ஆளை அனுப்பிப் பாருங்கள், இல்லையென்றால் பிரித்து வேலை பார்ப்போம்" என்று கடைக்கு வாட்ஸ்அப்பிலும், ஒப்புகையோடு தபாலிலும் அனுப்பினோம். நீங்களும் இதையே செய்யுங்கள். விளம்பரத்தையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தகராறு என்று தெரிந்ததும் அதைத்தான் முதலில் நீக்குவார்கள்.

இப்போது அந்த "உள்ளது உள்ளபடி" தாளைப் பார்ப்போம். அது வெறும் தாள் என்று சொல்லமாட்டேன். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் சில மறைமுக நிபந்தனைகளை, அதாவது எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் இருப்பதாகச் சட்டமே கருதும் நிபந்தனைகளை, விலக்கிக்கொள்ள இடம் தருகிறது. வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளைப் பிறகு கேட்க முடியாது என்றும் சொல்கிறது. தேய்ந்த டயர், பழைய பேட்டரி, பிடிக்காத கிளட்ச் இவற்றுக்காகச் சண்டை போடுவதில் பயனில்லை. பழைய வண்டி என்றால் தேய்மானம் இருக்கத்தான் செய்யும். ஆனால் தெரிந்தே ஒரு குறையை மூடி மறைத்து விற்பது வேறு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அதை மோசடி என்கிறது. மோசடியில் வாங்கிய கையெழுத்தைக் காட்டி ஒருவர் தப்பிக்க முடியாது. "இன்ஜின்ல கையே வைக்கல, கம்பெனி சர்வீஸ் வண்டி" என்று அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இருந்தால், அந்தத் தாளைவிட அதற்கு எடை அதிகம். அழித்துவிடாதீர்கள், அதே போனில் அப்படியே வைத்திருங்கள்.

விற்றவர் கடைக்காரர் என்பதால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்தக் காரை விற்றிருந்தால் கதை வேறு. அவர் வியாபாரி இல்லை, பெரும்பாலும் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

இங்கேதான் நம் ஊர்க் கடைகளின் ஒரு பழக்கம் இடிக்கும். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. பழைய ஓனர் பெயரிலேயே இருக்கும். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் அவரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்திருப்பார்கள். காகிதத்தில் அவர் உங்களுக்கு நேராக விற்ற மாதிரி இருக்கும், கடையின் பெயர் எங்குமே வராது. கேட்டால் "நாங்க புரோக்கர்தான் சார்" என்பார்கள். எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். ஓனரிடமிருந்து வண்டி தன் கைக்கு வந்ததை ஃபார்ம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும். உங்கள் கடைக்கு அந்தச் சான்று இருக்கிறதா என்று நீங்கள் கடைக்கு அனுப்பும் நோட்டீஸிலேயே கேளுங்கள். பணம் போன அக்கவுன்ட் விவரம், டெலிவரி நோட், விசிட்டிங் கார்டு, பேரம் பேசிய சாட் இவையெல்லாம் விற்றது யார் என்பதைக் காட்டும். கமிஷன் வாங்கிய புரோக்கர் என்றே வைத்துக்கொண்டாலும், சேவைக் குறைபாடு என்று அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். சில கடைகள் அதற்கே இறங்கி வரும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பழைய 1986 சட்டத்தில் பொதுவாக எதிர்தரப்பு இருக்கும் ஊருக்கோ, விவகாரம் நடந்த ஊருக்கோதான் போக வேண்டும். இப்போது நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். மதுரைக் கடை மேல் நாங்கள் திருநெல்வேலியிலேயே மனு கொடுத்தோம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டுகள், ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள், வண்டி ஓட ஓட ஆதாரம் கரையும். பரிசோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும்.

வாடகைக்கு ஓட்டத்தான் வாங்கினீர்கள் என்றாலும், சொந்தப் பிழைப்புக்காக நீங்களே ஓட்டுவதாக இருந்தால் நீங்கள் நுகர்வோர்தான். இன்சூரன்ஸில் கேட்கலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். சாதாரண பாலிசி மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்குத் தராது.

மனுவில் என்ன கேட்பது என்பதையும் தெளிவாக முடிவு செய்யுங்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்குவதா, ரிப்பேர் செலவை வாங்குவதா? சிறிய குறைக்கு முழு விலையைத் திருப்பிக் கேட்டால் எடுபடாது. ஹெட் கேஸ்கெட் செலவு, வண்டியைத் தூக்கி வந்த செலவு, அலைச்சலுக்கு நியாயமான இழப்பீடு என்று பில்லோடு கேட்டோம். சமரசப் பேச்சிலேயே ரிப்பேர் பில் முழுவதையும் கொடுக்க அந்தக் கடை ஒத்துக்கொண்டது.

உங்கள் கடைக்காரர் பாதிச் செலவு தருவதாகச் சொல்கிறார் என்றீர்கள். ஒத்துக்கொள்வது உங்கள் விருப்பம், ஆனால் எதை ஒத்துக்கொண்டாலும் எழுத்தில் வாங்குங்கள். பணம் அக்கவுன்டில் ஏறி, ரிப்பேர் முடிந்து, வண்டியை ஹைவேயில் ஒரு நீண்ட தூரம் ஓட்டிப் பார்க்கும்வரை "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.