கார் டயர் மாத்துறது: கேள்வி பதில்

தினமும் ஆபீஸ், ஸ்கூல், மாசத்துக்கு ஒருதடவை ஊருன்னு ஓடுற சின்ன கார்களோட டயர் பத்தி மட்டும் கேளுங்க. கார், டயர் சைஸ், ஓடின கிலோமீட்டர் மூணையும் சொல்லணும். "எந்த கம்பெனி பெஸ்ட்?"னு மொட்டையா கேட்டா பதில் வராது.

ஈரோடு, ஸ்விஃப்ட்: சைஸ் 165/80 R14, 46,000 கி.மீ. ஓடியாச்சு. கடையில 185/70 R14 போடுங்க, கிரிப் நல்லா இருக்கும்ங்கிறாங்க. போடலாமா சார்?

போடலாம். ஆனா கடைக்காரர் சொல்ற காரணம் பாதிதான் சரி.

முதல்ல உயரம். 165-ங்கிறது மி.மீ.ல டயர் அகலம், 80-ங்கிறது அந்த அகலத்துல எத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம்ங்கிறது. 165-ல 80 சதவீதம் 132 மி.மீ. அது மேலயும் கீழயும் ரெண்டு தடவை, கூட 14 இஞ்ச் ரிம் 355.6. மொத்தம் 619.6 மி.மீ. 185/70-க்கு இதே கணக்கு போட்டா 614.6. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை, ஸ்பீடோமீட்டர் பாதிக்காது. அஞ்சு இஞ்ச் அகல ரிம்லயும் சரியா உட்காரும்.

அடுத்தது லோடு. சைஸுக்குப் பக்கத்துல 85T மாதிரி இருக்கும். 85-ன்னா ஒரு டயர் 515 கிலோ தாங்கும், T-ன்னா மணிக்கு 190 கி.மீ. வரைக்கும். கார்ல வந்த எண்ணுக்கும் எழுத்துக்கும் கீழ எப்பவும் போகாதீங்க. 185/70-ல வழக்கமா 88 வரும், அதாவது 560 கிலோ. அதுல பிரச்சினை இல்லை.

இனி கிரிப். காய்ஞ்ச ரோட்டுல பிரேக்குக்கும் வளைவுக்கும் அகல டயர் கொஞ்சம் உதவும். தண்ணி தேங்கின ரோட்டுல தலைகீழ்: அதே தேய்மானத்துல அகலமான டயர்தான் முதல்ல மிதக்கும். மைலேஜ் கொஞ்சம் குறையும், ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும், விலையும் கூட. டவுனுக்குள்ளயே ஓடுற காருக்கு நானா இருந்தா 165-லயே நல்ல டயரா வாங்குவேன்.

எதை வாங்கினாலும் தயாரிப்புத் தேதி பாருங்க. சைடுவால்ல, அதாவது டயரோட பக்கச்சுவர்ல, நீள்வட்டக் கட்டத்துக்குள்ள நாலு இலக்கம். 1425-ன்னா 2025-ஆம் வருஷம் 14-வது வாரம். பல டயர்ல ஒரு பக்கம்தான் இந்த நாலு இலக்கம் இருக்கும். மாட்டினப்புறம் அது உள்பக்கம் போயிட்டா காருக்கு அடியில படுத்துத்தான் பார்க்கணும். அதனால ரிம்ல ஏத்துறதுக்கு முன்னாடியே நாலு டயரையும் உருட்டிப் பாருங்க. ஒரு வருஷத்துக்கு மேல பழசுன்னா வேற எடுத்துத் தரச் சொல்லுங்க.

மதுரை, வேகன்-ஆர்: ஏழு வருஷத்துல 21,000 கி.மீ.தான் ஓடிருக்கு. பட்டன் (தரையைத் தொடுற மேடுபள்ளம்) நல்லா இருக்கு, ஆனா மழையில வழுக்குது. ஏன்?

ரப்பர் கெட்டியாயிடுச்சு. வெயில், ஓசோன், வெறுமனே நிறுத்தி வைக்கிறது எல்லாம் சேர்ந்து ரப்பரை இறுக்கிடும். பட்டன் ஆழம் எத்தனை மி.மீ. மிச்சம்னுதான் சொல்லும், ரப்பர் எந்த நிலையில இருக்குன்னு சொல்லாது. பட்டன் பள்ளத்தோட அடியிலயும் சைடுவால்லயும் மயிரிழை வெடிப்பு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. வெடிப்பு இருந்தா நாலையும் மாத்துங்க. இல்லாட்டியும் ஏழு வருஷ டயரை இன்னொரு வடகிழக்குப் பருவமழைக்கு நான் விடமாட்டேன்.

தேய்மானத்துக்கு: பள்ளத்துக்குள்ள TWI-ன்னு குட்டி மேடு இருக்கும், உயரம் 1.6 மி.மீ. பட்டன் அதுக்குச் சமமாயிட்டா டயர் முடிஞ்சது. மழைக்கு அது ரொம்ப லேட். 3 மி.மீ. வந்ததுமே மாத்துறதுதான் புத்திசாலித்தனம்.

திண்டுக்கல்: நைட்ரஜன் அடிச்சா டயர் ஆயுள் கூடுமாமே?

சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஓசியில அடிச்சா அடிச்சுக்கோங்க. ஆயுளைக் கூட்டுறது மாசம் ரெண்டு தடவை, டயர் சூடாகறதுக்கு முன்னாடி, டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற அளவுக்குக் காத்து பார்க்கிறது. சைடுவால்ல 'மேக்ஸ்'னு போட்டிருக்கிற அளவு அதிகபட்ச வரம்பு, அடிக்கச் சொல்ற அளவு இல்லை.

நாகர்கோவில், ஐ20: பட்ஜெட்டுக்கு ரெண்டு டயர்தான். முன்னாடி போடவா, பின்னாடி போடவா?

பின்னாடி. பின்னாடி இருக்கிற பழைய ஜோடியை முன்னாடி கொண்டுவாங்க.

கோவை: அண்ணே, இது தப்பு. இன்ஜின் முன்னாடி, ஸ்டியரிங் முன்னாடி, பிரேக்கோட பாரம் முக்காவாசி முன்னாடி. புதுசைப் பின்னாடி போட்டு என்ன பிரயோஜனம்?

நீங்க சொல்ற மூணும் உண்மை. அதனாலதான் முன் டயர் சீக்கிரம் தேயுது. ஆனா கேள்வி எது அதிகம் உழைக்குதுங்கிறது இல்லை. எது பிடிப்பை விட்டா உங்களால காரை மீட்க முடியும்ங்கிறது. மழையில 80-ல வளைவு எடுக்கிறீங்க. முன் டயர் மிதந்தா கார் திரும்பாம நேரா போகப் பார்க்கும், ஸ்டியரிங் லேசாகிறது கையிலயே தெரியும், ஆக்ஸிலரேட்டரை விட்டா பெரும்பாலும் பிடிச்சுக்கும். பின் டயர் மிதந்தா எந்த முன்னறிவிப்பும் இல்லாம பின்பக்கம் வெளிய வீசும். பயந்து காலை எடுத்தா பாரம் முன்னாடி போய் பின்பக்கம் இன்னும் லேசாகும், கார் சுத்திடும். டயர் கம்பெனிகளே புது ஜோடியைப் பின்னாடி போடத்தான் சொல்றாங்க.

சேலம்: இப்போ கார்ல இ.எஸ்.சி. (கார் வழுக்கிச் சுத்தாம பார்த்துக்கிற எலக்ட்ரானிக் சிஸ்டம்) இருக்கே, அது பார்த்துக்காதா?

இ.எஸ்.சி. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனியா பிரேக் அடிச்சுத்தான் காரை நேராக்குது. டயர் தண்ணி மேல நிக்கும்போது அந்த பிரேக்குக்கு ரோட்டுல பிடிப்பு எங்க இருக்கு?

கோவை: முப்பது வருஷ மெக்கானிக் முன்னாடிதான் போடணும்கிறார். அவருக்குத் தெரியாததா?

முன் ஜோடியைக் கழட்டிப் புதுசைப் போட்டா ரெண்டு சக்கர வேலை. பின் ஜோடியை முன்னாடி கொண்டுவந்தா நாலு சக்கர வேலை, பேலன்சிங்கும் நாலுக்கு. கூலியோ பெரும்பாலும் அதேதான். உங்க மெக்கானிக்கைச் சொல்லலை, பொதுவா கடைகள்ல நடக்கிறது இது.

கோவை: சரி, அப்போ காய்ஞ்ச ரோட்டுல?

காய்ஞ்ச ரோட்டுல பெரிய வித்தியாசம் இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மி.மீ.தான் வித்தியாசம்னா மழையிலயும் சண்டை போட ஒண்ணுமில்லை. 10,000 கி.மீ.க்கு ஒருதடவை ரொட்டேஷன், அதாவது டயர்களை இடம் மாத்திப் போடுறது, பண்ணியிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. முன்சக்கரம் இழுக்கிற கார்ல முன் ரெண்டும் நேரா பின்னாடி போகும், பின் ரெண்டும் இடம் வலம் மாறி முன்னாடி வரும். அம்புக்குறி போட்ட டயருன்னா பக்கம் மாத்தக் கூடாது, முன்பின் மட்டும். இதோட இந்த விவாதத்தை முடிச்சுக்கலாம்.

டொராண்டோ: இங்க ஆல்-சீசன் டயர் வருஷம் முழுக்கப் போதும்னு நண்பர்கள் சொல்றாங்க. உண்மையா?

பேரை நம்பாதீங்க. வெப்பம் 7 டிகிரிக்குக் கீழ போனா சாதாரண ஆல்-சீசன் ரப்பர் இறுக ஆரம்பிக்கும். M+S (சேறு, பனி) முத்திரையைக் கம்பெனியே தன் பட்டன் அமைப்பை வெச்சுப் போட்டுக்கலாம். மூணு சிகர மலைக்குள்ள பனித்துகள் படம் இருந்தாத்தான் பனியில சோதிச்ச டயர். ஆல்-வெதர்னு விக்கிறதுல அந்தப் படம் இருக்கும். ஒரே செட்தான் வாங்குவேன்னா அதை எடுங்க. வசதி இருந்தா விண்டர் டயர் தனியா ஒரு செட். ஒன்டாரியோவுல அது கட்டாயம் இல்லை. பக்கத்து கியூபெக் வண்டிகளுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம்.

ஊட்டி: அப்போ எங்களுக்கும் விண்டர் டயர் வேணுமா?

வேண்டாம். உறைபனி விழுற ஜனவரி விடிகாலையில மெதுவா போங்க.

கரூர்: நைட்ரஜன் நல்லதா சார்?

திண்டுக்கல்காரருக்குச் சொன்னதுதான்.

விழுப்புரம், டிசையர்: பள்ளத்துல இறங்கினப்புறம் சைடுவால்ல எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். பஞ்சர் கடையில உள்ள பேட்ச் போடலாம்ங்கிறாங்க.

போடாதீங்க. உள்ள இருக்கிற நூலிழை அறுந்து, வெறும் ரப்பர்தான் காத்தைத் தாங்கிட்டிருக்கு. ஸ்டெப்னியை மாட்டிட்டுப் போய் புது டயர் வாங்குங்க. பேட்ச் எல்லாம் தரையைத் தொடுற பகுதியில, 6 மி.மீ.க்குள்ள இருக்கிற ஓட்டைக்கு மட்டும்.

நாமக்கல்: லாரிக்கு ரீட்ரெட் (தேய்ஞ்ச டயர்ல புது பட்டன் ஒட்டுறது) பத்திச் சொல்லுங்க.

அது எனக்குத் தெரிஞ்ச துறை இல்லை. உங்க ஊர்லயே அதுல கரைகண்டவங்க இருக்காங்க.

தஞ்சாவூர், பலேனோ: 195/55 R16-க்குப் பதிலா 205/60 R16 போட்டா ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டாதுல்ல?

மறுபடியும் சைஸ். ஈரோட்டுக்காரருக்குப் போட்ட கணக்கையே போடுங்க: 620.9 மி.மீ., 652.4 ஆகும். அஞ்சு சதவீதம் ஜாஸ்தி. அடி உயர்றது வெறும் ஒண்ணரை சென்டிமீட்டர். அதுக்காக மீட்டர் குறைச்சுக் காட்டும், பிக்கப் குறையும், முழுசா ஸ்டியரிங் ஒடிச்சா சக்கரத்துக்கு மேல இருக்கிற பிளாஸ்டிக் லைனர்ல உரசவும் வாய்ப்பிருக்கு. மூணு சதவீதத்தைத் தாண்டாதீங்க.

திருச்சி: நாளைக்கு நாலு டயர் மாத்துறேன். கடையில என்னென்ன கவனிக்கணும்?

தேதி. அப்புறம் பில். 2025 செப்டம்பர் 22-லிருந்து கார் டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாயிடுச்சு, பழைய விலைப் பட்டியலைக் காட்டினா ஒத்துக்காதீங்க. வாரன்ட்டிக்கு நாலு டயரோட சீரியல் நம்பரும் பில்லுல இருக்கணும்.

ட்யூப்லெஸ் வால்வு நாலையும் புதுசா போடச் சொல்லுங்க. பழைய வால்வு அடியில வெடிச்சு, புது டயர்ல காத்து இறங்கும். டயர்ல மஞ்சள் புள்ளி மட்டும் இருந்தா அது வால்வுக்கு நேரா வரணும், அதான் டயரோட லேசான இடம். 'அவுட்சைடு'ன்னு எழுதியிருந்தா அந்தப் பக்கம் வெளிய. பேலன்சிங் ஈயம் ஒட்டினப்புறம் திரும்பச் சுத்தவிட்டு மெஷின்ல ரெண்டு பக்கமும் பூஜ்யம் காட்டுதான்னு நின்னு பாருங்க. அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைச் சரிபண்றது) அதுக்கப்புறம், பிரின்ட் கேட்டு வாங்குங்க.

நட்டை ஏர் கன் வெச்சு இறுக்கோ இறுக்குன்னு இறுக்கினா போல்ட் நீளும், நடுரோட்டுல பஞ்சரானா உங்களால கழட்ட முடியாது. கையால குறுக்கும் நெடுக்குமா மாத்தி மாத்தி முடுக்கி, கடைசியில டார்க் ரெஞ்ச்ல (இறுக்கத்தை அளந்து முடுக்குற ஸ்பானர்) மேனுவல்ல சொல்ற அளவுக்கு வைக்கணும். 100 கி.மீ. ஓடினதும் ஒருதடவை திரும்பச் சரிபாருங்க. புது டயர் மேல மோல்டு எண்ணெய் (அச்சுல ஒட்டாம இருக்கத் தடவுறது) இருக்கும், முதல் 200-300 கி.மீ. ஈரத்துல சட்டுனு பிரேக் அடிக்காதீங்க.